யாருடைய தாத்தாவும் வாழாத காலம்

கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிற ஆனந்தக் கோட்டை என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில், குழந்தைகளுக்காக வருகிறவர்கள் ஒரு ரகம். குழந்தைகளைச் சாக்காக வைத்து வருகிறவர்கள் இன்னொரு ரகம். மௌனிகா இரண்டிலும் சேராதவர். மகனை டியூஷனில் விட்டுவிட்டு, வருடச் சந்தா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ராட்டினம் ஏறுவதற்கென்றே வருவார்.

அவர் விடாமல் ஏறுவது கொலம்பஸில். எல்லா ஊர்ப் பொருட்காட்சியிலும் முன்னும் பின்னும் ஆடுமே, அதே கப்பல்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தால்தான் உயரம் அதிகம் என்பதால் அங்கேதான் உட்காருவார். கப்பல் உச்சிக்குப் போகும்போது மற்றவர்கள் எல்லாம் பழனி முருகனைக் கூப்பிடுவார்கள். அந்த உயரத்தில் மௌனிகா கொட்டாவி விட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறங்கி வந்ததும், "சும்மா உக்காந்து ஆடிட்டு வாரதுல என்னங்ணா இருக்குது? யாரோ சுவிச்சைப் போடறாங்க, நாம ஆடறோம்" என்பார். சொல்லிவிட்டு மறுபடியும் போய் வரிசையில் நிற்பார்.

அவரைக் காரில் கூட்டிவருகிறவர் கணவர் கிருபாசங்கர். கோயமுத்தூர் கணபதியில் பம்புசெட் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன். ராட்டினத்தைப் பார்த்தாலே தலைசுற்றும் என்பதால் சாப்பாட்டுக் கூடத்தில் டீயோடு உட்கார்ந்துவிடுவார். பட்டறையிலிருந்து மோட்டார் ஏற்றிப்போகும் லாரிகளை அனுப்புவது மௌனிகாவின் பொறுப்பு. விழுப்புரத்தில் வழி தவறி நிற்கிற டிரைவருக்குக் கோயமுத்தூரில் இருந்தபடியே போனில் இடது, வலது சொல்லி ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே தேறி, லைசென்சும் வாங்கிவிட்டார். ஆனால் சொந்தக் காரில் அவர் உட்கார்ந்ததெல்லாம் இடதுபக்க சீட்டில்தான்.

கிருபாசங்கர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். "ஓட்டலாம் கண்ணு, யாரு தடுத்தா? பாலம் வேலை முடியட்டும்" என்பார். பாலம் முடிந்தது. "மழை நிக்கட்டும் கண்ணு." மழையும் நின்றது. "டயரை மாத்திப்போட்டுப் பாக்கலாம்." எங்கள் சீமையில் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வது மரியாதைக் குறைவு. 'பாக்கலாங்க' என்றால் நடக்காது என்று பொருள். 'கண்டிப்பாப் பாக்கலாங்க' என்றால் நிச்சயமாக நடக்காது. இது தெரியாமல் வெளியூர்க்காரர்கள் பலர் இங்கே தொழில் தொடங்கி நொந்துபோயிருக்கிறார்கள்.

ஆனந்தக் கோட்டையின் முதலாளி பாலுசாமியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். அப்புறம் அதே இடத்தில் இன்ஜினியரிங் காலேஜ் கட்டினார். பிள்ளைகள் சேர்வது நின்றுபோனதும் காலேஜைப் பூங்காவாக்கினார். ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டுக் கூடமாயிற்று. வகுப்பறைகள் பேய் வீடாயின. அதற்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

பூங்காவுக்கு எங்களைப் போன்ற ரசிகர்கள் கொஞ்சம் பேர் உண்டு. வாட்ஸப்பில் எங்களுக்கு ஒரு மன்றமும் இருக்கிறது. சினிமா நடிகருக்கு மன்றம் வைத்தால் ஒன்றும் சொல்லாத ஊர், ராட்டினத்துக்கு மன்றம் வைத்தால் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும். நான் மில் சூப்பர்வைசராக இருந்தேன். மில்லே ஓய்வு பெற்றுவிட்டதால் நானும் ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஒரு நாள் பாலுசாமி எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்து, போண்டா கொடுத்து, விஷயத்தைச் சொன்னார்.

"கொலம்பஸு துருப்புடிச்சுப் போச்சுங்க. அதைக் கழட்டிப்போட்டு, அந்த எடத்துல ஒரு காலத்தையே கட்டிப்போடலாம்னு இருக்கறேன். உள்ள போனா அந்தக் காலத்துக்கே போன மாதிரி இருக்கோணும். எந்தக் காலம்னு நீங்கதான் சொல்லோணுமுங்க."

கொடுமுடியிலிருந்து வருகிற மஞ்சள் வியாபாரி லட்சுமணசாமி இதற்காகவே பிறந்தவர்போல் எழுந்தார். "கொங்கு ராசாக்கள் காலமுங்க. எங்க பாட்டன் பூட்டனெல்லாம் சேரனுக்கும் சோழனுக்கும் நடுவால நின்னு பஞ்சாயத்துப் பண்ணுனவங்க. ஒரு கோட்டை, ஒரு குதிரை ராட்டினம், நடுவுல சிம்மாசனம். போதுமுங்க." சிம்மாசனத்தில் வைக்கவேண்டிய சிலைக்கு யார் முகம் பொருந்தும் என்பதை அவர் சொல்லவில்லை. மீசையை மட்டும் தடவிக்கொண்டார்.

கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் நசுருதீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணன் சொல்றது ரொம்பச் சரிங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது மறுப்பு என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். "ஆனாலும் யவனர் காலத்தை உட்டுபோடக் கூடாதுங்க. ரோமாபுரிக் காசு நம்ம மண்ணுல எத்தனை எடத்துல கெடைச்சிருக்குது. மொளகு, மணி, பொன்னு. சண்டையே கெடையாதுங்க, யாவாரம் மட்டுந்தான். தண்ணி விளையாட்டும் வெச்சுக்கலாம், கப்பல் வருமில்லீங்களா?"

நான் என் பங்குக்கு மில் காலத்தைச் சொன்னேன். சங்கு, ஷிப்டு, ஆயிரம் சைக்கிள், கேட்டுக்கு எதிரே டீக்கடை. லட்சுமணசாமி மிகவும் பணிவாக, "சங்குச் சத்தம் கேட்டு ஓடறதுக்கு டிக்கெட்டு வாங்கோணுமுங்களா?" என்று கேட்டார். அந்தப் பணிவு எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்படியே வாரங்கள் போயின. யாரும் குரலை உயர்த்தவில்லை. 'நீங்க சொல்றதும் நல்லாத்தானுங்க இருக்குது' என்று ஒருவர் காலத்தை இன்னொருவர் புதைத்துக்கொண்டிருந்தோம். யாருடைய காலத்தையும் மோசம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அவருடைய தாத்தாவைச் சொன்ன மாதிரி. தாத்தாவைச் சொல்லிவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது? பாலுசாமிக்குப் போண்டா கொடுத்தே சலித்துவிட்டது.

அதுவரை பேசாமல் இருந்த மௌனிகா ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தார். "எல்லாம் நல்ல காலந்தானுங்ணா. ஆனா அதுல நான் எங்கீங்க இருப்பேன்?"

"நீங்க அரமனையில இருப்பீங்க அம்மணி" என்றார் லட்சுமணசாமி தாராளமாக.

"அரமனையில என்ன பண்ணுவேனுங்க?"

லட்சுமணசாமி கொஞ்சம் யோசித்தார். "வாரவங்களை வாங்கன்னு சொல்லோணுமில்லீங்க?"

யவனர் கப்பலில் பெண்கள் வந்த மாதிரித் தெரியவில்லை என்று நசுருதீன் நேர்மையாக ஒத்துக்கொண்டார். எங்கள் மில்லில் பெண்கள் வேலை பார்த்தார்களே என்று நான் ஆரம்பித்தேன். "பாத்தாங்ணா. சங்கு ஊதுனதும் ஊட்டுக்கு ஓடி ஒலை வெச்சாங்க" என்று மௌனிகா முடித்துவிட்டார்.

பிறகு தன் யோசனையைச் சொன்னார். "இருநூறு வருசம் கழிச்சு நம்ம ஊரு எப்படி இருக்கும்? அதைக் கட்டலாமுங்க. வானத்துல போற சின்னச் சின்ன வண்டி. ஒவ்வொரு வண்டியிலயும் ஸ்டீயரிங் இருக்கோணும். உக்காந்திருக்கறவங்கதான் ஓட்டோணும். எடது போகணும்னா எடது, வலது போகணும்னா வலது. எனக்கு அது ஒண்ணு போதுமுங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையைப் பார்த்தார். அங்கே கிருபாசங்கர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஒரே பேச்சில் முடிவாகிவிட்டது. மௌனிகாவின் யோசனை உயர்ந்தது என்பதால் அல்ல. வருங்காலத்தில் யாருடைய தாத்தாவும் வாழ்ந்ததில்லை. அதனால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. எல்லோரும் ஒருமனதாகக் கை தூக்கினோம். மௌனிகாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கொலம்பஸ் உச்சியில்கூடப் பார்த்ததில்லை. "நெசமாலுமே ஸ்டீயரிங் வெப்பீங்களா?" என்று பாலுசாமியிடம் கேட்டார். "வெச்சுபோடலாங்க அம்மணி" என்றார் பாலுசாமி. 'பாக்கலாம்' என்று சொல்லாமல் 'வெச்சுபோடலாம்' என்று சொன்னதில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கொலம்பஸைக் கழற்றினார்கள். தகரக் கொட்டகை எழுந்தது. அதோடு அக்கப்போரும் எழுந்தது. இருநூறு வருஷம் கழித்தும் ராசாக்கள் இருக்கலாமே என்று லட்சுமணசாமிக்குத் தோன்றியது. நிலாவில் ஒரு கோட்டை வந்தது. இருநூறு வருஷம் கழித்து யாவாரம் நின்றுவிடுமா என்று நசுருதீன் கேட்டார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு சந்தை வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ராக்கெட் கிளம்பும்போது மில் சங்கு ஊதுவதாக ஏற்பாடு செய்துகொண்டேன். கிரகங்களுக்கு நடுவே ஒப்பிட்டும் சந்தகையும் கிடைக்கும் பலகாரக் கடை ஒன்றைப் பாலுசாமியே சேர்த்தார். வாசலில், வருகிறவர்களுக்குச் சந்தனம் கல்கண்டு காட்டிப் பன்னீர் தெளித்து 'வாங்க' என்று சொல்லப் பட்டுப்புடவை கட்டிய ஒரு ரோபோ. பழைய குருடி, கதவைத் திறடி என்றாயிற்று. மௌனிகா எதையும் தடுக்கவில்லை. "எது வேணும்னாலும் வெச்சுக்கட்டுங்ணா. என்ற ஸ்டீயரிங் இருந்தாப் போதும்" என்றார். வண்டிகளுக்கு மோட்டார் கொடுத்தது கிருபாசங்கரின் பட்டறை. தனக்கென்று எதையும் கேட்காதவர் அவர் ஒருவர்தான் என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

தை மாதத்தில் திறப்பு விழா. பாலுசாமி அதைக் கல்யாணம் போலவே நடத்தினார். வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்து, சொந்தபந்தத்தை எல்லாம் அழைத்திருந்தார். மௌனிகா சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு, கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக ஏறுவதற்குத் தயாராக வந்தார். கிருபாசங்கர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல்பாக்கெட்டில் கார் சாவி.

ரோபோ முதல் நாலு பேருக்கு ஒழுங்காகப் பன்னீர் தெளித்தது. ஐந்தாவதாக வந்த லட்சுமணசாமியின் சம்பந்தியம்மாவைக் குளிப்பாட்டியே விட்டது. பிறகு பன்னீர் அதன் வயிற்றுக்குள் ஒழுகி, 'வாங்' என்று பாதிச் சொல்லோடு நின்றுபோயிற்று. வாசலில் கார்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குச் சோறு போடாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். 'ஒரு வாங்கன்னுகூடச் சொல்லலியே' என்ற ஒரே குறையில் பத்து வருஷமாகப் பேசாமல் இருக்கிற பங்காளிகளை எனக்குத் தெரியும்.

பாலுசாமி நாலாபுறமும் பார்த்தார். அவர் கண் மௌனிகாவின் மேல் விழுந்தது.

"அம்மணி, மெஷினு மக்கர் பண்ணுதுங்க. நம்ம ஊட்டு விசேசம் மாதிரி நெனச்சு, நீங்க சித்த நின்னு வாரவங்களை வாங்கன்னு சொல்லிபோடுங்க. நீங்க நின்னா லட்சணமா இருக்கும்."

தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். மௌனிகா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தானே, மறுக்க முடியவில்லை. இருநூறு வருஷம் தாண்டி வருங்காலத்தின் வாசலில் நின்றுகொண்டு அவர் பன்னீர் தெளித்தார். "வாங்க, வாங்க. உள்ள போங்க." அவர் கேட்டு வாங்கிய வண்டியில் ஊரார் எல்லாம் ஏறிப் போய் இறங்கி வந்தார்கள். ராசாக்கள் காலத்து அரண்மனையில் அவருக்கு லட்சுமணசாமி ஒதுக்கிய அதே வேலை. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆனால் பட்டு என்ன, நான் தட்டை வாங்கிக்கொள்ளவில்லையே.

கிருபாசங்கர் டீ குடித்து முடித்து, மனைவி நிற்கிற அழகைப் பார்க்க வந்தார். மௌனிகா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏனுங்க, சித்த இதைப் புடிங்க" என்று தட்டை அவர் கையில் வைத்துவிட்டு, "வாங்ணா போலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

வண்டிகள் முட்டை வடிவத்தில் இருந்தன. பாலுசாமியை விட்டுக் கோழிப்பண்ணை போகவில்லை. ஒரு முட்டைக்கு இரண்டு பேர். வலதுபக்கம் மௌனிகா உட்கார்ந்தார், இடதுபக்கம் நான். எதிரே கறுப்பாக, பளபளவென்று நிஜமான ஸ்டீயரிங். அதை அவர் கையால் ஒருமுறை துடைத்தார். மில் சங்கு ஊதியது. இருட்டுக்குள் போனோம். நட்சத்திரங்கள், நிலாக் கோட்டை, சந்தை. இடதுபுறத்திலிருந்து ஒரு வால்நட்சத்திரம் வந்தது. மௌனிகா வலதுபக்கம் ஒடித்துத் திருப்பினார். வண்டி இடதுபக்கம் போயிற்று. அடுத்த முறை இடதுபக்கம் திருப்பினார். வண்டி நேராகப் போயிற்று. ஸ்டீயரிங்கை முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வண்டி தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் போன முட்டையில் லட்சுமணசாமி இரண்டு கையாலும் திருப்பித் திருப்பி, ஹாரன் அடித்து, ஆனந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் மௌனிகாவின் பக்கம் திரும்பவே பயந்தேன்.

இறங்கும் இடத்தில் பாலுசாமி கைகூப்பி நின்றார். "எப்படீங்க அம்மணி, உங்க வண்டி?"

"ஸ்டீயரிங் திரும்பலீங்களே."

"ஸ்டீயரிங் திரும்புமுங்க. வண்டிதான் திரும்பாது" என்று பாலுசாமி பெருமையாக விளக்கினார். "மொதல்ல நெசமாலுமே ஓட்டற மாதிரிதான் பண்ணச் சொல்லியிருந்தேன். உங்க ஊட்டுக்காரருதான் மோட்டாரு மாட்ட வந்தப்போ சொன்னாரு, பொம்பளைங்க எல்லாம் ஏறுவாங்க, அவங்க கையில உட்டா இடிச்சுபோடுவாங்க, சும்மா சுத்தற மாதிரி வெச்சுபோடுங்கன்னு. நல்ல யோசனைங்க. அவரு சொல்லலீன்னா எனக்குத் தோணியிருக்காது."

மௌனிகா நேராக வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கிருபாசங்கர் இன்னும் தட்டோடுதான் நின்றார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் பன்னீர்ச் செம்பு. யாரிடமாவது கொடுத்துவிட்டு நகரலாம் என்றால் ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். எதிரே தலை துவட்டிப் புடவை மாற்றிவந்த சம்பந்தியம்மா, அவருக்குப் பின்னால் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கூட்டம்.

மௌனிகா அவருக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க, காரை எடுத்துட்டுச் சித்த ஒரு சுத்துப் போயிட்டு வாரேனுங்க. சாவியை எடுத்துக்கட்டுங்களா?"

கிருபாசங்கர் வாயைத் திறந்தார். பாலம், மழை, டயர் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்திருக்கும். ஆனால் அதெல்லாம் வீட்டுக்குள் சொல்கிறவை. அதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டார். "அடடா, அம்மணி காரெல்லாம் ஓட்டுமுங்களா? பரவாயில்லீங்களே, நல்லா வெச்சிருக்கறீங்க ஊட்டுக்காரியை!" ஈரோட்டுக் கூட்டமும் அவரைப் பார்த்து மெச்சித் தலையாட்டியது. இத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால், கையில் சந்தனத் தட்டோடு நிற்கிற மனுஷன் பெண்டாட்டியிடம் என்ன சொல்லமுடியும்?

"பாத்துப் போயிட்டு வா கண்ணு" என்றார். சிரிக்கவும் சிரித்தார்.

மௌனிகா அவர் மேல்பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். பார்க்கிங்கில் விசில் ஊதுகிறவர் 'வரட்டும் வரட்டும்' என்று கையாட்டுவதற்கு முன்பே காரைப் பின்னால் எடுத்து, ஒடித்து, வெளி வாசலுக்குக் கொண்டுபோனார். கோயமுத்தூர்ப் பக்கம் திரும்பவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் திரும்பி, ஒரு தேங்காய் லாரிக்கு வழிவிட்டு, அப்புறம் அதையே முந்திக்கொண்டு போனார். கிருபாசங்கர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே, "வாங்க, வாங்க" என்று ஈரோட்டுக்காரர்களுக்குப் பன்னீர் தெளித்தார். பாதி அவர் சட்டையிலேயே விழுந்தது.

சாயங்காலம் கிருபாசங்கரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒத்தக்கால்மண்டபம் அருகே அவருக்குப் போன் வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். "சரி கண்ணு... சரி கண்ணு..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். மௌனிகா ஆழியாறு வரை போயிருக்கிறாராம். வால்பாறைக்கு ஏறத்தான் ஆசை, ஆனால் மலைப்பாதைக்கு இன்றைக்கு நேரமாகிவிட்டதால் திரும்புகிறாராம். மகனுக்கு மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறதாம், தோசை ஊற்றிக் கொடுக்கச் சொன்னாராம்.

நான் மறுபடியும் வண்டியைக் கிளப்பினேன். கிருபாசங்கர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் சந்தன வாசனையோடு ஒரு மனுஷன் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டுக்கொண்டே வரும்போது எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது?

"ஏனுங்ணா" என்றார் கடைசியில். "அவ வண்டியை எடுத்துட்டுப் போனதைப் பாத்தீங்களே. நல்லா ஓட்டுனாளுங்களா?"

"ரொம்ப நல்லா ஓட்டுனாங்க."

"இடிக்கவே இல்லீங்களே?"

"எங்கயும் இடிக்கலீங்க."

அவர் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்குச் சாவி கேட்டா நான் என்னங்ணா சொல்றது?"